தோட்டத்து ரொட்டிக்கு அளவு என்ன?



சென்ற மாதம் நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று பல நாட்களாக நம்மைச் சும்மா இருக்க விடவில்லை. எழுதியவர் கொழும்பிலே உத்தியோகம் பார்க்கும் ஒரு சகோதரி. பிறந்து வளர்ந்தது பசறை வீதியில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டம். தாயார் காலமாகி ஓராண்டு ஆகிறதாம். "அம்மா சுட்ட ரொட்டியைப் போல ஒரு நாளாவது சுட்டுச் சாப்பிட வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. நான் சுட்டால் அது செருப்புத் தோலாகி விடுகிறது. அம்மா இருந்தபோது அளவு கேட்டு வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. எத்தனையோ பலகாரங்களுக்கு அளவு எழுதியிருக்கிறீர்களே, எங்கள் ரொட்டிக்கு மட்டும் ஏன் எழுதவில்லை?" என்று அவர் கேட்டிருந்தார்.

கேள்வி நியாயமானதே. நம்முடைய பழைய குறிப்புப் புத்தகங்களை எடுத்துப் புரட்டினோம். யாழ்ப்பாணத்து ஒடியற் கூழ் இருக்கிறது. வட்டிலப்பம் இருக்கிறது. கிறிஸ்மஸ் கேக் இரண்டு விதமாக இருக்கிறது. தஞ்சாவூரையே கண்ணால் காணாத நாம் தஞ்சாவூர் சாம்பாருக்கும் பக்குவம் எழுதி வைத்திருக்கிறோம். ரொட்டி மட்டும் இல்லை.

"ரொட்டிக்கு என்ன பக்குவம் எழுதுவது, அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். உண்மை அதுவன்று. நாமும் லயத்திலே பிறந்தவர்கள்தாம். நம் தாயார் கொழுந்து பறித்துத்தான் நம்மைப் பதுளைப் பட்டணத்துப் பள்ளிக்கூடத்திற்கு அனுப்பினார். இடைவேளை மணி அடித்ததும் மற்றப் பிள்ளைகள் இடியப்பத்தையும் பாணையும் வெளியே எடுப்பார்கள். நாமோ மேசையின் மூடியைத் தூக்கி, புத்தகம் தேடுவதுபோலத் தலையை உள்ளே விட்டு, ரொட்டியைப் பிய்த்து வாயிலே போட்டுக்கொண்டு மூடியை இறக்கி விடுவோம். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து சுட்ட ரொட்டி அது. அப்படி ஒளித்துத் தின்ற பண்டத்தைப் பின்னாளில் பத்திரிகையிலே எழுத நமக்குக் கை வரவில்லை. இதை இங்கே ஒப்புக்கொள்வதே முறை.

சகோதரிக்கு விடை எழுத வேண்டுமே என்று முதலில் நம் வீட்டு அடுப்பிலேயே பரீட்சை நடத்தினோம். கல்லிலிருந்து எடுத்த சூட்டிலே ரொட்டி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தோட்டத்து ரொட்டி சூட்டிலே தின்பதற்கு மாத்திரம் ஏற்பட்டதன்று. காலையிலே சுட்டு, மலைக்குக் கொண்டுபோய், பகலிலே தின்பதற்கு ஏற்பட்டது. ஆகவே எடுத்து வைத்துப் பகல் ஒரு மணிக்குப் பார்த்தோம். வீட்டுக்காரர் ஒரு துண்டை வளைத்துப் பார்த்துவிட்டு, "இதைச் சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுத்தால் நல்லதொரு அடி வைத்துத் தருவார்" என்றார். சகோதரியின் குறையும் நம் குறையும் ஒன்றே என்று தெரிந்தது.

சரி, விலைக்கு விற்பவர்களுக்காவது ரகசியம் தெரிந்திருக்குமே என்று வெளியே புறப்பட்டோம். பதுளையிலே ரொட்டி என்று கேட்டால் கடைக்காரர் கொண்டுவந்து வைப்பது வீச்சு ரொட்டி. பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளில் மாலை ஆனதும் கொத்து ரொட்டி கொத்தும் ஓசை வீதி முழுவதும் கேட்கும். நாம் ஒரு கடையில் அமர்ந்து ஒரு தட்டுக் கொத்து ரொட்டி வாங்கி உண்டோம். நன்றாகவே இருந்தது, மிளகாய்க்குக் கண்ணில் நீர் வந்தது. ஆனால் அது வேறு சாதி. வீச்சு ரொட்டிக்கு மாவை நெகிழப் பிசைந்து, உருண்டைகளை எண்ணெயிலே மணிக்கணக்காக ஊற வைத்து, காற்றிலே வீசி மெல்லிய துணிபோல ஆக்க வேண்டும். ஒருமுறை நாமும் வீட்டிலே வீசிப் பார்த்தோம். முதலாவது சுவரிலே ஒட்டிக்கொண்டது. இரண்டாவது நடுவிலே கிழிந்து நம் முழங்கையிலே வளையலாக நின்றது. மூன்றாவதை வீசாமல் கையாலே தட்டிச் சுட்டு, "இன்று புதுவிதம்" என்று பரிமாறினோம். வீச்சு ரொட்டியை விரும்பும் சகோதரிகள் அதைக் கடையிலேயே உண்பது நலம் என்பது நம் அபிப்பிராயம்.

சில நாட்கள் கழித்து உறவினர் ஒருவரைக் காண எல்லவுக்குப் போயிருந்தோம். ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்கப் பல தேசத்தவரும் வந்து கூடும் ஊராகிவிட்டது அது. வீதியின் இருபுறமும் சிற்றுண்டிச் சாலைகள். அவற்றுள் ஒன்றிலே காலை ஆகாரப் பட்டியலில், ஓர் அழகிய படத்தின் கீழே, தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் என்று அச்சிட்டிருந்தது. விலையைப் பார்த்து உறவினர் எழுந்துவிடப் பார்த்தார். நாம் பிடித்து உட்கார வைத்தோம்.

வெள்ளைத் தட்டிலே, வாழையிலைத் துண்டின் மேல், உள்ளங்கை அகலத்திலே மூன்று ரொட்டிகள் வந்தன. மென்மையாகவே இருந்தன. சம்பலிலேதான் மிளகாய் பயந்து பயந்து நின்றது. பக்கத்து மேசையிலே ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி அதே ரொட்டியை முதலில் புகைப்படம் எடுத்துவிட்டுப் பிறகு கண்ணை மூடிச் சுவைத்துக்கொண்டிருந்தார். மேசை மூடிக்குள்ளே தலையை விட்டுத் தின்ற சிறுமியின் நினைவு நமக்கு வந்தது. பரிமாறிய பையனிடம், "தம்பி, இது யார் சுட்டது?" என்று தமிழிலே கேட்டோம். அவன் சிரித்துக்கொண்டு, "நான்தானுங்க. வீட்டில அம்மா சுடுறதைப் பார்த்துப் பழகினது. இங்க கொஞ்சம் பட்டர் சேர்ப்போம்" என்றான். ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வருகிறானாம். பட்டர் சேர்க்காமல் அம்மா எப்படி மெதுவாகச் சுடுகிறார் என்று கேட்டோம். "அதை நான் கேட்டதில்லைங்க" என்றான். கொழும்புச் சகோதரி, நாம், இப்போது இந்தப் பையன். மூவருக்கும் ஒரே விடைதான்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். தேங்காய் ரொட்டி தோட்டத்தாருக்கு மட்டும் உரியதன்று. சிங்களக் கிராமங்களிலே அதைப் பொல் ரொட்டி என்று சுட்டு லுணுமிரிஸுடன் உண்கிறார்கள். அவர்களிடமும் நல்ல கை உண்டு. ஆனால் அவர்கள் பெரும்பாலும் அடுப்பருகே அமர்ந்து சூட்டிலே உண்பவர்கள். ஆறு மணி நேரம் கழித்து மலையிலே நின்று தின்ன வேண்டிய ரொட்டி என்பது தோட்டத்தாரின் பாடு. ஆதலால் அந்த வித்தையைத் தோட்டத்திலேதான் தேட வேண்டும் என்று முடிவு செய்தோம்.

நம் தாயாருடன் அடுத்தடுத்த நிரைகளிலே கொழுந்து பறித்த பெரியம்மா ஒருவர் நமுனுகுலை மலைச் சாரலிலே இன்னும் இருக்கிறார். வயது எழுபத்தைந்துக்கு மேல். ஒரு சனிக்கிழமை அதிகாலை, கையிலே சமையல் தராசும் அளவுக் கோப்பையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம். நாம் வந்த காரியத்தைச் சொன்னதும் பெரியம்மா இஸ்தோப்பிலே உட்கார்ந்தபடியே சிரித்தார்.

"ஏம் மகளே, ரொட்டி சுடுறதையெல்லாமா பேப்பர்ல போடுவாங்க?"

"கேட்டு எழுதியிருக்கிறார்கள், பெரியம்மா."

"ஒங்கம்மாகிட்டக் கேட்டிருந்தா அவளே சொல்லியிருப்பாளே."

அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை. எழுந்து அடுப்பு மூட்டப் போய்விட்டார்.

கவ்வாத்து வெட்டிய மிலாறு நான்கைந்தை அடுப்பிலே வைத்தார். அளவு என்ன என்று கேட்டதற்கு, "கை தெரியும்" என்றார். ஆகவே பாத்திரத்தைத் தராசின் மேல் வைத்துவிட்டு, அவர் அள்ளிப் போடும் ஒவ்வொரு பிடியையும் குறித்துக்கொண்டோம். ஆறு பிடி கோதுமை மா. ஏறக்குறைய 500 கிராம். அதற்குச் சிறிய தேங்காய் ஒன்று முழுவதும் துருவிப் போட்டார். நிறுத்துப் பார்த்தால் 200 கிராமுக்குச் சற்று மேல். நாம் வீட்டிலே போட்டது இதிலே பாதி! தேங்காய்த் துருவலையும் உப்பையும் முதலில் மாவுடன் சேர்த்து, தண்ணீர் ஒரு துளியும் விடாமல், விரல்களாலே நன்றாகத் தேய்த்தார். மா முழுவதும் ஈர மணல்போல ஆகும் வரை தேய்த்தார். அதன் பிறகே தண்ணீர். அதுவும் பச்சைத் தண்ணீர் அன்று. கை பொறுக்கும் சூட்டிலே வெந்நீர். கால் லீற்றருக்குச் சற்றுக் குறைவாகவே செலவாயிற்று. ஒரேயடியாக ஊற்றவில்லை, தெளித்துத் தெளித்துப் பிசைந்தார். மா கையை விட்டதும் நிறுத்திவிட்டார். நாமாக இருந்தால் இன்னும் பத்து நிமிஷம் அடித்துப் பிசைந்திருப்போம்.

"போதும். அடிச்சா எறுகிப் போவும்" என்றார்.

இதிலேதான் விஷயம் இருக்கிறது. கோதுமை மாவிலே ஒரு பசை உண்டு. தண்ணீர் பட்டுப் பிசையப் பிசைய அது இழை இழையாக ஓடி இறுகும். பாணுக்கு அந்த இறுக்கம் வேண்டும், ரொட்டிக்கு ஆகாது. தேங்காயிலுள்ள எண்ணெய் முதலிலேயே மாவைப் பூசிவிட்டால் பசை ஓடுவதற்கு இடமில்லை. வெந்நீரிலே பிசைந்த மா கைக்கு நெகிழ்ந்து கொடுக்கிறது. எல்லச் சாலையிலே பட்டர் செய்யும் வேலையை இங்கே தேங்காய் செய்கிறது. பெரியம்மா இவற்றையெல்லாம் சொல்லவில்லை. கை மட்டும் செய்தது.

பிசைந்த மாவை ஈரத்துணியால் மூடி அரை மணி நேரம் வைத்தார். பிறகு எட்டு உருண்டை. வாழையிலையிலே கால் அங்குலத் தடிப்புக்குக் கையாலே தட்டினார். கல்லின் சூட்டைப் பார்க்க ஒரு சிட்டிகை மா தூவினார். மா மெல்லச் சிவந்தால் சரி. உடனே கருகினால் ஒரு விறகை வெளியே இழுக்க வேண்டும். ஒரு பக்கம் நான்கு நிமிஷம். திருப்பி இன்னும் நான்கு நிமிஷம். கடைசியிலே கல்லை இறக்கிவிட்டு, ரொட்டியைத் தணலோரம் நிறுத்தி ஓரத்தையும் வாட்டினார். சுட்டதைச் சூட்டோடு பருத்தித் துணியிலே அடுக்கிச் சுற்றினார். நாம் வழக்கமாகச் செய்வதுபோல ஆற விட்டுப் பொலித்தீன் பையிலே போடவில்லை.

காலை ஒன்பது மணிக்குச் சுற்றிய துணியைப் பகல் ஒரு மணிக்கு நாமே அவிழ்த்தோம். இரண்டு விரலால் பிய்ந்தது.

சம்பல் அரைக்கும்போதுதான் பெரியம்மா பேச ஆரம்பித்தார். செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, ஒரு துண்டு மாசி, கடைசியிலே தேசிக்காய்ப் புளி. அம்மியிலே வைத்துத் தட்டினார். தேங்காய்ச் சம்பல் வேண்டாமா என்று கேட்டோம். "ரொட்டியில தேங்கா போட்டா சம்பலுக்கு இல்ல. சம்பலுக்குப் போட்டா ரொட்டியில இல்ல. ரெண்டுலயும் தேங்கா சம்பள நாளையிலதான்" என்றார். உயர்ந்த மலைகளிலே தேங்காய் காய்ப்பதில்லை. கீழ்நாட்டிலிருந்து வந்ததைக் கடையிலே காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். கையிலே காசு குறைந்தால் முதலில் குறைவது தேங்காய். தேங்காய் குறைந்தால் ரொட்டி தோலாகும். கொழும்புச் சகோதரிக்கும் நமக்கும் சிறு வயதிலே சில வாரங்கள் ரொட்டி மெதுவாகவும், சில வாரங்கள் கடினமாகவும் இருந்ததற்குக் காரணம் தாயாரின் கைப்பிழை அன்று என்பதை அந்த அம்மியருகிலே தெரிந்துகொண்டோம்.

ரொட்டி நமக்குப் பரம்பரை உணவுமன்று. தமிழகத்திலிருந்து நம் முன்னோர் இந்த மலைகளுக்கு வந்தபோது அவர்கள் நாவிலே இருந்தவை கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும். தோட்டங்களிலே அவர்களுக்கு அரிசி அளந்தார்கள். சம்பளத்திலே அதைக் கழித்துக்கொண்டார்கள். 1942ஆம் ஆண்டு யுத்தத்திலே பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. நாடெங்கும் பங்கீடு வந்தது. அரிசியின் குறையை நிரப்பக் கோதுமை மா வந்தது. மற்றவர்கள் யுத்தம் முடிந்து மெல்ல மெல்லச் சோற்றுக்குத் திரும்பினார்கள். விடியுமுன் பெரட்டுக்கு ஓட வேண்டிய பெண்ணுக்கு ரொட்டிதான் வசதி. கறி இல்லாவிட்டாலும் தின்னலாம், கையிலே சுற்றிக்கொண்டு போகலாம். இப்படியாக ரொட்டி தோட்டத்தோடு தங்கிவிட்டது.

அந்த மாவும் இல்லாமற் போன காலம் ஒன்று இருந்தது. 1973ஆம், 1974ஆம் ஆண்டுகளிலே பங்கீட்டு அரிசி குறைந்து, மாவின் விலை ஏறி, தோட்டங்களிலே பட்டினிச் சாவுகள் பெருகின. பெரியம்மா அப்போது புதிதாகப் பேர் பதிந்த கொழுந்துக்காரி. "மா இருந்தாத்தானே மகளே அளவு" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் நாம் கேட்கவில்லை. மிளகாய் தட்டும் ஓசைதான் சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

1980ஆம் ஆண்டு திருகோணமலையிலே பிறிமா மா ஆலை இயங்கத் தொடங்கிய பின் மா எளிதாகக் கிடைத்தது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியிலே மீண்டும் அடி விழுந்தது. அவ்வாண்டு செப்டெம்பரிலே கொழும்புக் கணக்கின்படி உணவுப் பண்டங்களின் விலையேற்றம் ஓராண்டிலே 90 சதவீதத்தைத் தாண்டிற்று. மாவின் விலை மும்மடங்கு ஆயிற்று. 2025ஆம் ஆண்டிலோ ஒரு தேங்காய் 200 ரூபாய்க்கு மேலும் விலை போயிற்று. அப்போது லயங்களிலே மறுபடியும் தோல் ரொட்டி சுட்டிருப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், ஏழையின் உணவென்று நாம் கைவிட்ட கேழ்வரகு இன்று குரக்கன் மா என்ற பெயரிலே சீனி வியாதிக்காரருக்கு நல்லதென்று பதுளைக் கடைகளிலே பொட்டலமாகத் தொங்குகிறது. அது வெல்லஸ்ஸைச் சேனைகளிலே காலங்காலமாக விளைவது. ஆறு பிடியிலே இரண்டு பிடி குரக்கன் மா சேர்த்தாலும் ரொட்டி நன்றாக வரும். வெந்நீர் சற்றுக் கூட வேண்டும். இதையும் வீட்டிலே செய்து பார்த்துவிட்டே எழுதுகிறோம்.

ரொட்டியுடன் பெரியம்மா நமக்குக் கடுஞ்சாயம் கொடுத்தார். ஆடி ஆவணியிலே வீசும் வறண்ட காற்றிலே விளையும் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையிலே தனி மதிப்பு உண்டு என்பதை நேயர்கள் அறிவார்கள். அந்தத் தேயிலை கொழும்பு ஏலத்திற்குப் போய்விடும். பெரியம்மாவின் தகரப் பேணியிலே இருந்தது தூள். உள்ளங்கையிலே சிறிது சீனியை வைத்து நக்கிக்கொண்டு குடித்தோம். பால்மா கலந்து கடைகளிலே தரும் தேநீரை விட இது நமக்குப் பிடித்திருந்தது.

இனி, கடிதம் எழுதிய சகோதரிக்கு. மா 500 கிராம். சிறிய தேங்காய் ஒன்று முழுவதும். உப்பு ஒரு தேக்கரண்டி மட்டமாக. வெந்நீர் கால் லீற்றருக்குள். தேங்காயைத் தேய்த்த பின்பே தண்ணீர். அதிகம் பிசைய வேண்டாம். அரை மணி மூடி வைத்து எட்டாகத் தட்டி, மெல்லிய சூட்டிலே சுட்டு, சூட்டோடு துணியிலே சுற்றுங்கள். கொழும்பிலே மிலாறு கிடைக்காது. காஸ் அடுப்பைத் தணித்து வைத்தால் போதும். காலையிலே சுட்டு வேலைக்குக் கொண்டுபோய்ப் பகலிலே உண்டு பார்த்து எழுதுங்கள்.

இன்னுமொன்று. நாம் பஸ்ஸுக்குப் புறப்பட்டபோது, உங்கள் தாயார் பசறை வீதித் தோட்டத்தவர் என்று பெரியம்மாவிடம் சொன்னோம். வாசலுக்கு வந்தவர் நின்று, "எந்த டிவிசன், எந்த லயம்னு கேளு. இருபது வருசம் முந்தி நாங்க அந்தப் பக்கம் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போயிருக்கோம். பகலைக்கு ஒரு மரத்தடியிலதான் ரொட்டியைப் பிரிப்போம். அவ கையால தின்னாலும் தின்னிருப்பேன்" என்றார். ஆகையால் அடுத்த கடிதத்திலே டிவிசனின் பெயரையும் தாயாரின் பெயரையும் குறித்து அனுப்புங்கள். நாம் போய்ச் சொல்கிறோம்.